டிக்கெட் இல்லாமல் ஏறும் செய்திகள்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

எழுதியவர் டெல்டா மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 36 வயதுப் பெண். கீழ்வீட்டில் பெற்றோர், மாடியில் இவர், கணவர், ஏழு வயது மகள். அப்பாவுக்கு 67 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராகி, ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. டிக்கெட் எடுக்காமல் வந்த சொந்த மைத்துனருக்கே அபராதம் போட்ட மனிதர் என்று மகள் பெருமையோடு எழுதுகிறார்.

அந்த அப்பா கடந்த மூன்று வருடமாகக் காலையில் வாட்ஸ்அப்போடு எழுந்து, இரவு எட்டு மணிக்கு டிவி விவாதத்தின் முன் உட்கார்ந்து, பத்து மணிக்குத்தான் எழுகிறாராம். அவருக்கு ஒரு கட்சி, மருமகனுக்கு வேறு கட்சி. பொங்கலன்று சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு முற்றி, “உன்னைப் போன்றவர்களால்தான் நாடு கெட்டது” என்று அப்பா சொல்ல, மருமகன் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

சென்ற மாதம் இன்னொன்று நடந்தது. ‘போர்வை விற்பவர்கள் போல வந்து குழந்தைகளைக் கடத்துகிறார்கள்’ என்ற ஒரு குரல் பதிவைத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அப்பா அனுப்பினார். அந்தக் குழுவை நடத்துபவரும் அவர்தான். மறுநாள் மதியம் வழக்கமாக வரும் வடமாநிலப் போர்வை வியாபாரியை நான்கைந்து இளைஞர்கள் மறித்து, போனைப் பிடுங்கி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறார்கள். தையல் கடைப் பெண்மணி குறுக்கே புகுந்து காப்பாற்றினாராம். “எச்சரிக்கை செய்ததில் என்ன தவறு?” என்பது அப்பாவின் கேள்வி.

மகளின் கேள்விகள் இவை: அப்பா மூளைச்சலவை செய்யப்பட்டுவிட்டாரா? உண்மையைக் காட்டக் காட்டப் பிடிவாதம்தான் கூடுகிறது, இனி பேசிப் பயன் உண்டா? அவர் தூங்கும்போது போனிலிருந்து வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு, கேபிளையும் நிறுத்திவிடலாமா? இது மறதி நோயின் தொடக்கமாக இருக்குமா? கணவரிடம் அப்பாவை எப்படி மன்னிப்புக் கேட்க வைப்பது?

உளவியல் ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் அப்பா மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘மாடிக் கதவைச் சாத்திய பிறகும் விவாதத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கட்சிப் பெயர்களை நான் இங்கே விட்டுவிட்டேன். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் என் பதிலில் ஓர் எழுத்துகூட மாறாது. இதே கடிதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிற மகள்களும் மகன்களும் எனக்கு இருக்கிறார்கள்.

ஒரே மூட்டையில் மூன்று சரக்கு

நீங்கள் ‘அப்பாவின் பிரச்சினை’ என்று ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கும் மூட்டையைப் பிரித்தால் உள்ளே மூன்று இருக்கின்றன. உங்களுக்குப் பிடிக்காத ஒரு கட்சியை அவருக்குப் பிடித்திருக்கிறது, அது கருத்து. சரிபார்க்காத ஒரு பேச்சைத் தெரு முழுக்கப் பரப்பினார், அது வதந்தி. சாப்பிட உட்கார்ந்த மருமகனை நோகப் பேசினார், அது வசை. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் எதற்கும் பலிக்கவில்லை.

முதலாவதை நீங்கள் விட்டுவிட வேண்டும். ஒரு மனிதர் 67 வயதில் தனக்குப் பிடித்த கட்சியை ஆதரிப்பதும், உங்களுக்கு ஒவ்வாத தலைவரைப் புகழ்வதும் நோயுமல்ல, குற்றமுமல்ல. இணையத்தில் எழுதியதற்காகவே ஆட்களைப் பிடித்துப்போக வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. நாட்டின் சட்டமே விட்டுவைத்திருக்கும் இடத்தில் வீட்டுச் சட்டம் கைவைக்க வேண்டாம். நீங்கள் அவர் கட்சியைத் திட்டத் தொடங்கியதுமே, வதந்தி பற்றி நீங்கள் சொல்கிற நியாயமான பேச்சும் கட்சிச் சண்டையாகத்தான் அவர் காதில் விழும்.

இரண்டாவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வழி கேட்க நின்றது. அந்தக் காரில் இருந்த 65 வயதுப் பெண்மணி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அந்த வருடம் நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைக் காட்டியது. உண்மையில் அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விளம்பரப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைப் பிடித்துக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். வெட்டியவரையும் குற்றவாளி என்கிறோம், சரி. நல்லெண்ணத்தோடு அனுப்பிவைத்த ஆயிரக்கணக்கானவர்களை என்னவென்று சொல்வது? அவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைப் போலத் தெருப் பிள்ளைகள் மீது அக்கறை உள்ளவர்களாகவே இருந்திருப்பார்கள்.

2023 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத பழைய வீடியோக்கள் வட இந்தியாவில் பரவின. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூர், கோவை என்று விசாரித்துப் போனது. அப்போது நம் எல்லோருக்கும் கோபம் வந்தது, நினைவிருக்கிறதா? ‘நம்மைப் பற்றி இப்படிப் பொய் சொல்கிறார்களே’ என்ற அந்தக் கோபத்தை அப்பாவுக்கு நினைவுபடுத்துங்கள். போர்வைக்காரருக்கு இருப்பதும் அதே கோபம்தான். நெஞ்சில் கைவைத்துத் தள்ளப்பட்டவர் என்பதால் பயமும் சேர்ந்திருக்கும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. பொதுமக்களிடையே அச்சத்தையோ பகையையோ தூண்டும் பொய்ச் செய்தியைப் பரப்புவது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவில் வரும். மூன்று வருடம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. உண்மை என்று நியாயமாக நம்பி, நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. ஆனால் ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பதைப் பெரிய கேடயமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பதிவை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018-ல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதை அப்பாவை மிரட்டப் பயன்படுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூளைச்சலவை என்ற வார்த்தை

‘படித்த நமக்குப் புரிகிறது, அவருக்குப் புரியவில்லை’ என்ற உங்கள் வரியோடு எனக்குச் சண்டை உண்டு.

1977-ல் அமெரிக்காவில் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் 60 வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை இதைச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் 20 வாக்கியங்கள் மட்டும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவற்றை மாணவர்கள் முன்பைவிட அதிகமாக நம்பினார்கள். காரணம் வேறு எதுவுமில்லை, ஏற்கெனவே கேட்டது போலிருந்தது, அவ்வளவுதான். சரியான விடை தெரிந்தவர்களிடமும் இதே பலவீனம் இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஒரே செய்தி காலையில் குழுவிலும் மதியம் நண்பரிடமிருந்தும் இரவு டிவியிலும் வந்தால், மூன்று சாட்சிகள் சொன்னதாக மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. ஊற்று ஒன்றுதான் என்பது அதற்கு உறைப்பதில்லை. பட்டம் வாங்கியவரின் மனமும் இப்படித்தான் கணக்கு எழுதும்.

என் கதையைச் சொல்கிறேன். 2020 ஊரடங்கில், ‘பத்து நொடி மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்குக் கொரோனா இல்லை’ என்று ஒரு செய்தி வந்தது. நான் அடக்கிப் பார்த்தேன், முடிந்தது. அந்த நிம்மதியிலேயே குடும்பக் குழுவுக்குத் தட்டிவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவள், ஹாஷரின் ஆய்வைப் பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தியவள். மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தாள். “சித்தி, சாப்பிட்டீர்களா?” என்று ஆரம்பித்து, ஐந்து நிமிடம் கழித்து, “அந்த மூச்சு விஷயம் எங்கிருந்து வந்தது சித்தி? எங்கள் வார்டில் மூச்சை நன்றாக அடக்கக்கூடிய நோயாளிகள் இருக்கிறார்களே” என்றாள். நானே அதை அழித்துவிட்டு, தவறு என்று குழுவில் எழுதினேன். அவள் குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன்? வாதாடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். அப்பா அனுப்பிய செய்தியைப் படமெடுத்து உங்கள் கல்லூரித் தோழிகளின் குழுவில் போட்டீர்கள், எல்லோரும் சிரித்தீர்கள், தினமும் தூங்கும் முன் அந்தக் குழுவில் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது என்று. உங்களைக் குத்திக்காட்ட இதை எடுக்கவில்லை. கீழ்வீட்டில் எட்டு மணிக்கு நடப்பது மாடியில் பத்தரை மணிக்கு நடக்கிறது, சத்தம்தான் இல்லை.

உண்மையைக் காட்டினால் பிடிவாதம் கூடுமா?

திருத்தத் திருத்த நம்பிக்கை இறுகும் என்ற கருத்து 2010 வாக்கில் ஓர் ஆய்வின் மூலம் பிரபலமானது. பிறகு வுட், போர்ட்டர் என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களை வைத்துச் சோதித்தார்கள். எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்குமே தென்படவில்லை. திருத்தம் சொன்னால் பெரும்பாலோர் அந்தத் தகவலளவில் திருத்திக்கொள்கிறார்கள். கட்சியை மாற்றிக்கொள்வதில்லை, அது வேறு கதை. ஆகவே ‘பேசிப் பயனில்லை’ என்பது உண்மையல்ல.

பிறகு உங்கள் அப்பா ஏன் முறுக்கிக்கொள்கிறார்? நீங்கள் திருத்திய இடங்களை வரிசையாகப் பாருங்கள். ஒன்று சாப்பாட்டு நேரம், மருமகன் எதிரில். இன்னொன்று பேத்தியின் பிறந்தநாள், சம்பந்தி வீட்டார் எதிரில். மூன்றாவது குடும்பக் குழு, 43 பேர் எதிரில். ‘இது பொய் அப்பா, எத்தனை முறை சொல்வது’ என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் அவருக்கு எதிரே நிற்பது செய்தியின் உண்மை பொய் அல்ல, அவருடைய மானம். மானத்துக்கும் உண்மைக்கும் போட்டி வைத்தால் எந்த வீட்டிலும் மானம்தான் ஜெயிக்கும்.

தனியாகப் பேசுங்கள். பாடம் நடத்தாதீர்கள். அவருடைய தொழிலிலிருந்தே தொடங்குங்கள். பரிசோதகர் எப்படி வேலை செய்வார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நடுவழியில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறுவார். கண்டக்டரிடம் டிக்கெட் விற்பனைக் கணக்குத் தாளான வே பில்லை வாங்கி, கையிலிருக்கும் டிக்கெட் கட்டின் எண்ணோடு ஒப்பிடுவார். பிறகுதான் பயணியிடம் கை நீட்டுவார். முகத்தைப் பார்த்து யாரையும் விட்டுவிட மாட்டார். வெள்ளை வேட்டிக்காரரிடமும் டிக்கெட் கேட்பார். ‘எங்கே ஏறினீர்கள்? எந்த ஸ்டேஜ்?’ என்ற இரண்டு கேள்வியில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்த மனிதர், தன் போனில் ஏறும் செய்தியை மட்டும் டிக்கெட் கேட்காமல் விடுகிறார் என்றால், அறிவு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வண்டியில் அவரைப் பரிசோதகர் என்று யாரும் அழைக்கவில்லை. பயணியாகத்தான் உட்கார வைத்திருக்கிறோம்.

அவர் போனை வாங்கி, அந்தக் குரல் பதிவின் மேல் இருக்கும் இரட்டை அம்புக்குறியைக் காட்டுங்கள். ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்தி என்பதற்கு வாட்ஸ்அப் போடும் குறி அது. 2018 கொலைகளுக்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. 2020-ல் இரட்டை அம்பு விழுந்தவற்றை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. “அப்பா, இது எந்த ஸ்டேஜில் ஏறியது? பேசுகிறவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. நீங்களாக இருந்தால் பஸ்ஸில் விட்டிருப்பீர்களா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். அவர் பதில் சொல்லும்வரை நீங்கள் பேசக் கூடாது.

அடுத்து ஒரு வேலை கொடுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு அவரே போன் செய்து, அப்படி ஏதாவது புகார் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கட்டும். அரசுப் பணியில் இருந்தவர், எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இல்லை என்று பதில் வந்தால், தெருக் குழுவில் அவர் கையால் அவர் பெயரில், ‘நான் அனுப்பிய குரல் பதிவு பற்றிக் காவல் நிலையத்தில் விசாரித்தேன், அப்படி எதுவும் இல்லை, யாரும் நம்ப வேண்டாம்’ என்று எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது மறுப்பாகத்தான் நிற்கும். அவரே எழுதினால் அது பரிசோதனை அறிக்கை, அதைத் தெருவும் நம்பும்.

இதற்கெல்லாம் அவர் மசியவில்லை, மறுபடியும் அதேபோல அனுப்புகிறார், தெருவில் ஆட்கள் திரள்கிறார்கள் என்றால் அப்பாவின் மனம் நோகுமே என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். ஓர் உயிருக்கு முன்னால் வீட்டு மரியாதை பெரிதல்ல.

எட்டு மணிச் சத்தம்

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

மாடிவரை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது என்கிறீர்கள். பேத்தி ஏதாவது சொன்னால் ‘என்ன?’ என்று இரண்டு முறை கேட்டுவிட்டுச் சிரித்துச் சமாளிக்கிறார் என்கிறீர்கள். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்க்கிறார், சாதாரணமாகப் பேசும்போதும் கத்துகிறார் என்கிறீர்கள். நீங்கள் நான்கு குறைகளாக எழுதியதை நான் ஒரே குறையாகப் படிக்கிறேன். அப்பாவின் காதை எப்போதாவது பரிசோதித்திருக்கிறீர்களா?

வயதோடு வரும் காது மந்தம் முதலில் உயர்ந்த ஒலிகளைத்தான் தின்னும். பெண்கள், குழந்தைகளின் குரலும், சொற்களுக்கு விளிம்பு கொடுக்கும் மெய்யெழுத்துகளும் முதலில் தேயும். பேசுவது கேட்கும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடம் நரகமாகிவிடும். டிவிக்கு மட்டும் ஒலியைக் கூட்டும் பொத்தான் உண்டு. மகளுக்கும் மருமகனுக்கும் அது கிடையாது. வருடக்கணக்கில் டீசல் இன்ஜின் பக்கத்திலும் ஏர் ஹாரன் சத்தத்திலும் வேலை பார்த்தவருக்கு இது வந்திருந்தால் ஆச்சரியமில்லை. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் உளவியலாளரிடம் வருவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு, வலியும் இல்லை. மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் தவிர்க்கக்கூடிய காரணங்களை வரிசைப்படுத்திய, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020, 2024 ஆகிய இரண்டு அறிக்கைகளிலும் கேட்கும் திறன் குறைவதை அந்த வரிசையில் வைத்திருக்கிறது. உங்கள் மறதி நோய்ப் பயத்துக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி: கட்சி அபிமானமும் டிவி மோகமும் மறதி நோயின் அறிகுறிகள் அல்ல. பழகிய தெருவில் வழி தவறுவது, பென்ஷன் கணக்கில் தடுமாறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் மூன்று முறை கேட்பது, வீட்டாரே பணத்தைத் திருடுவதாகச் சந்தேகிப்பது, திடீரெனக் கூச்சநாச்சமில்லாமல் நடப்பது போன்றவை தெரிந்தால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனையும் செய்துவிடுங்கள். போனிலேயே பேசிக் கேட்க மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

விவாத நிகழ்ச்சி பற்றி ஒன்று. சில வருடங்களுக்கு முன் தேர்வு நேர மன அழுத்தம் பற்றிப் பேச ஒரு சேனலுக்குப் போயிருந்தேன். எனக்கு முந்தைய நிகழ்ச்சிக்கு வந்திருந்த இரண்டு கட்சிக்காரர்கள் ஒப்பனை அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவர் தன் பேரனின் படத்தைக் காட்ட, மற்றவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “அப்படியே உங்கள் ஜாடை” என்றார். கால் மணி நேரத்தில் இருவரும் கேமரா முன்னால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரே தட்டில் பஜ்ஜி. அவர்களுக்கு அது வேலை, முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கோபத்தைப் பத்து மணிக்கு மேல் படுக்கைவரை சுமப்பவர் உங்கள் அப்பா. இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பை நீக்குவது, கேபிளை நிறுத்துவது

வேண்டாம். பழைய சகாக்களின் துக்கச் செய்தி, பஞ்சப்படித் தகவல், பேத்தியின் நடனப் படம் எல்லாம் அந்த வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. தூங்கும்போது கை வைத்தால், ஏற்கெனவே ‘எல்லோரும் உண்மையை மறைக்கிறார்கள்’ என்று நம்புகிறவருக்கு வீட்டிலேயே ஓர் ஆதாரம் கிடைத்துவிடும். சொல்லிவிட்டுச் செய்யக்கூடியவை உண்டு: படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துவது, சத்தக்காரக் குழுக்களின் மணியோசையை அணைப்பது, டிவிக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுப்பது.

ஹெட்போனை உங்கள் அம்மாவுக்காகவும் சொல்கிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான்: ‘அம்மா எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.’ மூன்று வருடமாக இரவு இரண்டு மணி நேரம் சொந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் ஒரு பெண்மணி வெளியே போய் வருகிறார். அவருக்கு எட்டு மணிக்கு என்ன பார்க்கப் பிடிக்கும் என்று யாராவது கேட்டீர்களா? வாரத்தில் மூன்று நாள் ரிமோட் அம்மாவுடையது என்ற ஏற்பாட்டை அப்பாவிடம் கட்சியை இழுக்காமலே பேசலாம்.

மடித்த இலை

மருமகனிடம் மாமனாரை மன்னிப்புக் கேட்க வைக்கப் பஞ்சாயத்துக் கூட்டாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயால் மன்னிப்புக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ‘மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்தாயா?’ என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்பார்கள். மாடிக்காரருக்குப் பிடித்த மிக்சர் பொட்டலம் ஒன்று பேத்தி கையில் ஏறிப் போகும். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது ஏற்கெனவே நடந்து, கோபத்தில் இருவரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அதற்காக அன்று நடந்தது சரியென்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ‘என் கருத்தைத் திட்டுங்கள் மாமா, சாப்பிடும்போது என்னைத் திட்டாதீர்கள்’ என்று மரியாதையாகச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அதை நீங்கள் இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டாம், அவரே சொல்லட்டும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு விதி வையுங்கள்: இலை போட்ட பிறகு அரசியல் கிடையாது. எங்கள் ஊர் சலூனில் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று பலகை மாட்டியிருக்கும். சின்ன வயதில் அதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். பெரியவளான பிறகு ஒருமுறை சலூன்காரரிடமே கேட்டேன். “தாடையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள் அம்மா. என் கையில் கத்தி இருக்கிறது” என்றார். அதே சலூனின் பெஞ்சில் எதிரெதிர்க் கட்சிகளின் இரண்டு நாளிதழும் எப்போதும் கிடக்கும்; யார் வேண்டுமானாலும் எதையும் படிக்கலாம். விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். சாம்பார் ஊற்றிக்கொண்டே ‘நேற்று உங்கள் ஆள் என்ன பேசினார் பார்த்தீர்களா அப்பா’ என்று நீங்களும் ஆரம்பிக்கக் கூடாது.

முதலில் காதுப் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள், அதே வாரத்தில் தெருக் குழு விஷயத்தை முடியுங்கள். கணவர் கீழே இறங்குவது கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தப் போர்வைக்காரர் அதன் பிறகு உங்கள் தெருவுக்கு வந்தாரா? நீங்கள் எழுதவில்லை. வந்தால், அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டு அவரையே விலை பேசச் சொல்லுங்கள். கண்டக்டராக இருந்தவருக்குச் சில்லறைக் கணக்குப் பேச இந்தி தேவைப்படாது.